கத்தியின் கூர்மையும் சவரத்தின் மென்மையும்

கத்தி கூரியதாயின் சவரம் இனிதாகும், மழுங்கியதாயின் இன்னாதாகும் என்பதே உலகோர் பொதுவாகக் கொண்டுள்ள எண்ணம். நாமும் இருபத்திரண்டு வயதுவரை அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை முழுப்பிழை என்று தள்ளிவிட முடியாது. ஆயினும் அது பாதி உண்மையே. மற்றப் பாதியை எமக்குக் காட்டியது பள்ளிப் பாடநூலன்று. கன்னியா வெந்நீரூற்றடியிற் கழிந்த ஒரு காலைப்பொழுதாகும்.

1968ஆம் ஆண்டு எமது தந்தையார் இறைவனடி சேர்ந்தார். முப்பத்தோராம் நாட் கிரியைக்காகச் சுற்றத்தார் எல்லோரும் கன்னியாவுக்குச் சென்றோம். திருகோணமலை நகரிலிருந்து ஏறக்குறைய 5 மைல் தொலைவிலுள்ள அத்தலத்தைக் கல்லூரியின் பழைய மாணவருக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. அருகருகே ஏழு சிறு கிணறுகள். ஒவ்வொன்றிலும் நீரின் வெம்மை ஒவ்வொரு விதம். இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்கென வாளால் ஏழிடத்திற் குத்த, வெந்நீர் ஊறிற்று என்பது ஐதிகம். பெற்றோருக்குரிய கடனைச் செய்ய நம்மவர் அங்குச் செல்லும் வழக்கம் அவ்வைதிகத்தை ஒட்டி வந்ததே.

கிணற்றடிக்கு அப்பால் ஒரு மரநிழலில் முதிய நாவிதர் ஒருவர் தமது அடைப்பத்தை விரித்துக் காத்திருந்தார். கிண்ணியிலே நீர், ஒரு சிறு சாணைக்கல், தோல் துண்டொன்று, படிக்காரக் கட்டி, மடக்குக் கத்தி ஒன்று, கத்தரிக்கோல்: இவ்வளவே அவரது முதல். வயதில் எமது பாட்டனாரை ஒத்தவர். எமது வீட்டார் அவரைப் பெயர் சொல்லி, ஒருமையில் அழைத்தனர். அவர் எம்மை ‘ஐயா’ என்றார். அதில் ஏதும் விந்தை இருப்பதாக அன்று எமக்குத் தோன்றவில்லை.

சவரத்தின் பின்பே நீராடல் என்பது முறை. ஆனால் கருமகர்த்தாவாகிய எமது அண்ணர் கொழும்பிலிருந்து இரவுப் புகைவண்டியில் வந்து, உறக்கமும் புழுதியுமாக நின்றார். ஒருவரையும் கேளாமல் ஒரு கிணற்றடிக்குப் போய்ப் பத்துப் பன்னிரண்டு வாளி வெந்நீரைத் தலையில் வார்த்துக்கொண்டார். “சவரம் பண்ணாமல் முழுக்கோ? இனி இன்னொருக்கால் முழுகவேணும்” என்று அம்மான் ஏசினார். அண்ணர் ஈரம் சொட்டச் சொட்ட வந்து நாவிதர் முன் அமர்ந்தார். அடுத்தவர் சிறியதந்தையாரின் மகன். மூன்றாமவர் நாம். ஒரு திங்களாக வளர்ந்த தாடியைக் கத்தரிக்கோலாற் குறைத்து, அதன்பின் அதே கத்தியால், அதே கையால், ஒரே காலையில் மூவருக்கும் சவரம் நடந்தது.

முடிவில் படிக்காரத்தை நனைத்து முகத்தில் ஒற்றினார். அண்ணருக்கு ஒன்றும் எரியவில்லை. தம்பிமுறையானவர் சற்றே முகஞ்சுளித்தார். எமக்கோ தாடையின் கீழெல்லாம் தீப்பட்டதுபோல் இருந்தது. இரண்டு இடத்தில் இரத்தமும் கசிந்தது. கத்தி மழுங்கிவிட்டதென்று நாம் முணுமுணுத்தோம். அம்முதியவர் சினக்கவில்லை. கத்தியைத் துடைத்துக்கொண்டே, “நனைஞ்ச மயிர் எண்டால் கத்தி தன்பாட்டிலை போகும், ஐயா” என்றார். அவ்வாறு சொல்லித் தமது கருவிகளை எடுத்துவைக்கத் தொடங்கிவிட்டார்.

பௌதிகவியலில் அமுக்கம் என்பது விசையைப் பரப்பாற் பிரிக்க வருவது என்று எழுதிப் புள்ளி வாங்கியவர் நாம். ஒரே கத்தி மூன்று முகத்தில் மூன்று விதமாக நடந்ததற்குக் காரணம் எமக்குத் தெரியவில்லை. எழுத்து வாசனை அதிகமில்லாத அம்முதியவருக்குத் தெரிந்திருந்தது. அந்த வெட்கமே இக்கட்டுரையின் தொடக்கம்.

முதலில் மயிரைப் பார்ப்போம். மயிர் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. தாடி மயிரின் பருமன் ஏறக்குறைய மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு. நீரில் ஊறும்போது அது தன் நிறையில் நூற்றுக்கு 30 பங்கு வரையான நீரை உள்ளே ஏற்கும். குறுக்களவில் நூற்றுக்கு 15 பங்கு வரை பருக்கும். நீளத்திலோ 1 அல்லது 2 பங்கே கூடும். புரத இழைகளை ஒன்றோடொன்று இறுக்கிவைத்திருக்கும் ஐதரசன் பிணைப்புகளின் இடையே நீர் புகுந்து அவற்றைத் தளர்த்துவதே இதன் உட்பொருள். சலவை செய்வோர் உலர்ந்த பருத்தித் துணியில் நீர் தெளித்தபின் பெட்டி தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீர் பட்ட இடம் இளகி, பெட்டிக்கு இசைந்து கொடுக்கும். மயிரும் அவ்வாறே. ஊறிய மயிரை அறுக்க வேண்டிய விசை, உலர்ந்த மயிரை அறுக்க வேண்டியதிலும் கணிசமாகக் குறைவு.

இந்த ஊறல் ஒரு நொடியில் நிகழ்வதன்று. மயிரின் மேல் தோலிலிருந்து கசியும் எண்ணெய் மெல்லிய போர்வையாக மூடியிருக்கிறது. சவர்க்காரம் அப்போர்வையை அகற்றும். வெந்நீர் அதனை இளக்குவதோடு நீர் உட்புகுவதையும் விரைவாக்கும். அவ்வாறாயினும் இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். தண்ணீரை முகத்தில் ஒருமுறை தெளித்து, நுரையைப் பூசி, உடனே கத்தியை வைப்பவர் உலர்ந்த மயிரையே வெட்டுகிறார். நுரையின் முதற்பணி வழுக்குவதன்று. நீரை மயிரோடு ஒட்டவைத்து உலராமற் காப்பதே அதன் முதற்பணி, வழுக்குதல் அடுத்தது. அண்ணர் அன்று தலையில் வார்த்த வெந்நீர் சாத்திரத்துக்கு முரணாயிருந்திருக்கலாம், மயிருக்கு முரணாயிருக்கவில்லை.

நீரைப்பற்றிப் பேசும்போது எமது துறைமுகத்தை விட்டுவிட முடியாது. திருகோணமலை 1957 ஒற்றோபர் வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாயிருந்தது. அக்கடற்படையிலே ஒரு விசித்திர விதி உண்டு. 1869ஆம் ஆண்டிலிருந்து மாலுமிகள் தாடியும் மீசையும் சேர்த்து வளர்க்கலாம், அல்லது இரண்டையும் மழிக்கலாம். மீசை மட்டும் வைத்திருத்தல் ஆகாது. ஆகவே தாடி வேண்டாதவர் கப்பலிலும் மழித்தே தீரவேண்டும். கப்பலில் நன்னீர் அருமை, கடல்நீரோ எல்லையற்றது. ஆனால் கடல்நீரிலுள்ள மகனீசியமும் கல்சியமும் சாதாரண சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத கசடாகத் திரண்டுவிடும், நுரை எழாது. இக்குறையைத் தீர்த்தது நமது தெங்கு. தேங்காயெண்ணெயிற் காய்ச்சிய சவர்க்காரம் உப்புநீரிலும் நுரைக்கும். அதனைக் கடற் சவர்க்காரம் என்றே அக்காலத்தவர் வழங்கினர். கரையோரத்து உவர்க்கிணறுகளில் நீரள்ளும் வீட்டாரும் இதனை மனங்கொள்ளலாம். எத்துணை நல்ல கத்தியும் கசடு படிந்த வறண்ட முகத்தில் இழுபடத்தான் செய்யும்.

எமது தந்தையார் அத்தளத்துப் பண்டசாலையில் எழுதுவினைஞராயிருந்தவர். படையினர் போனபின் அவர் கைக்கு எஞ்சியவற்றுள் ஒன்று செஃபீல்ட் நகரின் முத்திரை பொறித்த மடக்குக் கத்தி. அந்தியேட்டி முடிந்து ஓர் ஆண்டின் பின் அக்கத்தியை எடுத்து, நாவிதரின் சொல்லைச் சோதிக்கத் துணிந்தோம். இடக்கன்னத்தை வெந்நீர்த் துணியால் மூன்று நிமிடம் ஒற்றியும், வலக்கன்னத்தைத் தண்ணீர் தெளித்த அளவில் விட்டும், இருபுறமும் நுரைபூசி மழித்தோம். பின் படிக்காரம். படிக்காரத்தை நாவிதர் இரத்தம் நிறுத்தவே பயன்படுத்துகின்றனர் என்று பலர் எண்ணுவர். ஆராய்ச்சியாளனுக்கு அது சிறந்ததோர் அளவுகோல்: மேற்றோல் உரசுண்ட இடமெல்லாம் எரியும், உரசாத இடம் எரியாது. கண்ணுக்குத் தெரியாத காயத்தை அது நாவால் உரைத்துவிடும். பெரும்பாலான நாட்களில் வலக்கன்னமே எரிந்தது. வலப்புறத்தில் எமது கை செம்மையாகச் செல்லாததுதான் காரணமோ என்ற ஐயத்தால் அடுத்த கிழமை பக்கத்தை மாற்றினோம். எரிவும் பக்கம் மாறிற்று. நாவிதர் வென்றார்.

ஆயினும் நீர் ஒன்றே முழுக்காரணமாயின், கத்திக்குக் கத்தி வேறுபாடு ஏது? இனி விளிம்புக்கு வருவோம்.

மடக்குக் கத்தியின் அமைப்பிலே ஓர் அழகான வடிவகணிதம் மறைந்துள்ளது. அதன் முதுகு தடித்தது. இருபக்கமும் உட்குழிந்து சென்று விளிம்பில் முடிகிறது. கல்லிலே தீட்டும்போது முதுகும் விளிம்பும் ஒருங்கே கல்லைத் தொடவேண்டும். எனவே தீட்டுபவர் கோணத்தைத் தேடவேண்டியதில்லை. முதுகின் தடிப்பே கோணத்தை நிச்சயிக்கிறது. அலகின் அகலம் 16 மில்லிமீற்றர், முதுகின் தடிப்பு 4.5 மில்லிமீற்றர் எனக் கொள்வோம். பாதித் தடிப்பை அகலத்தாற் பிரிக்க வருவது 0.14, அதனைத் தாஞ்சனாக உடைய கோணம் 8 பாகை. இருபக்கமும் சேர்ந்து 16 பாகை. பல ஆண்டு தீட்டினாலும் முதுகும் விளிம்பும் சேர்ந்தே தேய்வதால் கோணம் பெரிதும் மாறுவதில்லை. கணிதம் கற்கும் மாணவர் தம் வீட்டில் பழங்கத்தி இருந்தால் அளந்து பார்க்கலாம்; விளிம்பைத் தொடாமல் அளக்குக.

நன்கு தீட்டிய விளிம்பின் தடிப்பு ஒரு மைக்ரோனிலும், அதாவது மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கிலும், குறைவு. இதுவே கூர்மை. ஆனால் நுணுக்குக்காட்டியிற் பார்த்தால் அவ்விளிம்பு நேர்கோடன்று. கல்லின் மணிகள் அலகின் பக்கங்களிற் கீறிய கோடுகள் விளிம்பில் வந்து முடியும்; முடியுமிடமெல்லாம் ஒரு சிறு பல்லும் ஒரு சிறு பள்ளமும் உண்டாகும். மயிரை இப்பற்களும் அறுக்கும், வெகு எளிதாகவே அறுக்கும். பிடித்துத் தொங்கவிட்ட மயிரை அறுத்துக் காட்டும் சோதனையில் இத்தகைய விளிம்பும் தேறிவிடும். ஆனால் மயிரின் அடியில் இருப்பது தோல். பற்கள் தோலை வாரிச் செல்லும். ஆகவே இரண்டு கத்திகள் ஒரே அளவு கூர்மையுடையனவாயிருந்தும், ஒன்று இனிதாகவும் மற்றையது கடுமையாகவும் மழிப்பதுண்டு. கூர்மை என்பது விளிம்பு எவ்வளவு மெல்லியது என்பதைப் பற்றியது. மென்மை என்பது அது எவ்வளவு ஒழுங்கானது என்பதைப் பற்றியது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதாலேயே ‘கத்தி மழுங்கிற்று’ என்ற பழி எல்லாக் கத்திக்கும் வருகிறது.

கீறல் எவ்வளவு ஆழமானது என்பது கல்லைப் பொறுத்தது. பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டியெடுக்கப்படும் மஞ்சட்கல் ஒன்று சவரக்கத்திக்கென்றே பெயர்பெற்றது. அதனுள் வெட்டும் வேலையைச் செய்வன கார்னெற் என்னும் கனிமத்தின் நுண்மணிகள். அவை பன்னிரு முகமுடைய உருண்டை வடிவின, முனை கூர்ந்தவையல்ல. ஆதலின் மணி சற்றுப் பெரிதாயினும் கீறல் ஆழமாக விழுவதில்லை. கார்னெற் நமது மாவட்டத்துக்கும் புதிதன்று. புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைற்று, உரூற்றைல், சேர்க்கன் ஆகியவற்றோடு அதுவும் கலந்து கிடக்கிறது. ஆனால் மணல் கல்லாகிவிடாது, அவ்வளவில் விட்டுவிடுவோம்.

தீட்டுவதிலும் மிகை உண்டு. கல்லில் வேண்டிய அளவுக்குமேல் இழுத்தால் விளிம்பு தாள்போல் மெலிந்து, ஒருபக்கம் மடிந்த பிசிராக நிற்கும். பிசிருள்ள கத்தி நகத்தில் வைத்துப் பார்த்தால் மிகக் கூரியதாகவே தோன்றும். முதல் இழுப்பும் நன்றாயிருக்கும். பிசிர் ஒடிந்து, ஒடிந்த இடம் அரம்போலானபின்புதான் உண்மை தெரியும். எமது கைக்கு முதன்முதல் வந்த தீட்டுக்கல்லில் நாம் தந்தையாரின் கத்தியைப் பாழாக்கியது இவ்வாறே. கூர்மை போதவில்லை என்று எண்ணித் தீட்டினோம். தீட்டத் தீட்டக் கடுமை கூடிற்று. கடுமை கூடியதைக் கண்டு மேலும் தீட்டினோம். அறியாமை உழைப்போடு சேர்ந்தால் விளையும் கேடு பெரிது.

கல்லின் பின் தோல். தோல்வாரில் முதுகு முன்னும் விளிம்பு பின்னுமாக இழுக்கவேண்டும். திருப்பும்போது முதுகின்மேல் உருட்டவேண்டும், விளிம்பின்மேல் அன்று. தோல், மடிந்த நுண்விளிம்பை நிமிர்த்துகிறது. பற்களின் முனையைத் தேய்த்து மெருகிடுகிறது. முந்தைய நாளின் கண்ணுக்குத் தெரியாத துருவைத் துடைக்கிறது. வார் தளர்ந்து தொய்ந்தாற் பயன் இல்லை. தொய்வில் விளிம்பு உருண்டுவிடும். எமது ஊர் நாவிதர் பலர் தோல்வாருக்குப் பதிலாக இடது உள்ளங்கையில் கத்தியை முன்னும் பின்னும் இழுப்பதை இளவயதில் வியப்போடு பார்த்ததுண்டு. அதனைக் கைப்பழக்கத்தின் ஆரவாரம் என்றே நினைத்திருந்தோம். உள்ளங்கைத் தோலும் தோலே. விளிம்பில் உயிருள்ள தோல் படும்போது பிசிர் இருந்தால் கைக்கு உடனே தெரியும். மெருகிடுதலும் சோதித்தலும் ஒரே செயலில் முடிகின்றன. நாம் அதனைச் செய்து பார்க்கவில்லை. மாணவரும் செய்தல் ஆகாது.

இனி, மயிரைவிட வன்மையான உருக்கு ஏன் மழுங்குகிறது என்ற வினா எஞ்சியுள்ளது. சவர அலகின் உருக்கு மயிரைவிட ஏறக்குறைய 50 மடங்கு கடினமானது. மெல்லிய பொருள் கடிய பொருளை எவ்வாறு கெடுக்கும்? மெல்லமெல்லத் தேய்ந்து வட்டமாகிறது என்றே நெடுங்காலம் விடைகூறிவந்தனர். 2020ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் செம் தாசான் என்பாரும் அவருடன் பணியாற்றியோரும் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ்ச் சவரத்தையே நிகழ்த்திப் பார்த்து, தம் முடிபைச் ‘சயன்ஸ்’ என்னும் ஆய்விதழில் வெளியிட்டனர். அவர்கள் கண்டது தேய்வன்று, உடைவு. மயிர் அலகுக்குச் செங்குத்தாக அசையாமல் நின்றபோது விளிம்புக்குத் தீங்கில்லை. மயிர் வளைந்து, சாய்கோணத்தில் அலகைச் சந்தித்தபோது விளிம்பிற் சிறு சில்லுகள் பெயர்ந்தன. அதிலும் எல்லா இடத்திலும் அன்று. உருக்கின் நுண்ணமைப்பு சீராயில்லாத இடத்தில், அங்கே முன்னரே ஒரு நுண்வெடிப்பும் இருந்து, அவ்வெடிப்பின் ஓரத்தில் மயிரும் வந்து அழுத்துமானால் தகைப்பு அவ்விடத்திற் குவிந்து சில்லு கழன்றுவிடுகிறது.

அவர்கள் சோதித்தது இக்காலத்துத் துருவேறா அலகு, மடக்குக் கத்தியன்று. எனினும் இரண்டு செய்திகள் நமக்குப் பயன்படும். உருக்குச் சீராயிருத்தல் வேண்டும் என்பது ஒன்று. மயிர் வளையாமல் நிற்றல் வேண்டும் என்பது மற்றது.

முதற்செய்தியைப் பழங்கால உலைக்களத்தார் அனுபவத்தால் அறிந்திருந்தனர். உருக்கு என்ற நமது சொல்லே உருக்கி எடுத்த இரும்பு என்பதைக் காட்டும். மூசையிலிட்டு முழுதும் உருகவிடும்போது காபன் எங்கும் பரவி, கசடு மேலே பிரிந்து, பண்டம் சீராகிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இம்முறை வழங்கியது. கில் யூலெவ் என்னும் அறிஞர் சமனலவெவப் பகுதியில் தென்மேற்குப் பருவக்காற்றை முகங்கொண்டு அமைந்த இரும்புலைகளை அகழ்ந்து, அவ்வாறான உலையைக் கட்டி எரித்தும் காட்டி, 1996ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் எழுதினார். துருத்தியின்றிக் காற்றினாலேயே எரிந்த அவ்வுலைகள் உயர்காபன் உருக்கையும் தந்தன. நமது ஆனந்த குமாரசுவாமியோ 1908ஆம் ஆண்டு வெளியிட்ட தமது பெருநூலில் மலைநாட்டு மூசையுருக்கு முறையை விவரித்துவைத்தார். கலைஞானியென்று அவரைப் போற்றுவோர், அவர் இலங்கையின் கனிப்பொருள் அளவைக்குத் தலைவராயிருந்த நிலவியலறிஞர் என்பதை மறந்துவிடுகின்றனர்.

இந்திய உருக்கின் மாதிரிகள் 1790களில் இலண்டன் சேர்ந்தபோது அதனை விரும்பி வாங்கிக் கத்தியடித்தவருள் ஜேம்ஸ் ஸ்ரொடாட் என்னும் கருவிக் கொல்லரும் ஒருவர். அவரும் மைக்கேல் பரடேயும் சேர்ந்து 1820இலும் 1822இலும் உருக்குக் கலவைகளைப்பற்றி எழுதினர். மின்னியலின் தந்தையெனப்படும் பரடே, அவ்வாய்விற் பிறந்த உருக்காற் செய்த சவரக்கத்திகளைப் பிற்காலத்தில் நண்பர்க்குப் பரிசளிப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தார் என்று அவர் மாணாக்கர் போன்ற டிண்டால் எழுதியிருக்கிறார். விஞ்ஞானியொருவர் தமது கொள்கையை நண்பர் கன்னத்திற் சோதிக்கத் துணிந்தார் என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இரண்டாஞ் செய்தி நாவிதரின் கையைப் பற்றியது. இடக்கையால் அவர் தோலை இழுத்துப் பிடிப்பது ஏன்? தோல் தளர்ந்திருந்தால் மயிர் கத்தியோடு சேர்ந்து சாயும். இழுத்துப் பிடித்தால் மயிர் நிமிர்ந்து நிற்கும். மயிர் நின்றால் ஒரே வெட்டில் அறும். சாய்ந்தால் இழுபடும், வேரிற் பிடித்து நோகும், விளிம்பையும் கெடுக்கும். அலகைத் தோலுக்கு ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் பிடிப்பது பொதுவழக்கு. அதிலும் தட்டையாயின் அறுக்காமல் வழுக்கும். அதிலும் நிமிர்ந்தால் தோலைச் சுரண்டும். முதல் முறை மயிர் படிந்த வழியே செல்லவேண்டும். கழுத்திலும் தாடைக்குக் கீழும் மயிர் சுழித்து வளர்வதால் வழி இடத்துக்கிடம் மாறும். அனுபவமுள்ளவர் விரல்நுனியால் தடவி வழியைக் கண்டபின்பே கத்தியை வைப்பர். அழுத்தவே கூடாது. கத்தியின் பாரமே போதும். அழுத்த வேண்டிவருகிறதென்றால் மேற்சொன்னவற்றுள் ஏதோ ஒன்று தவறியிருக்கிறது என்பதே பொருள்.

கன்னியாவுக்குத் திரும்புவோம். அண்ணருக்கு மயிர் ஊறியிருந்தது, விளிம்பும் புதியது. சிறியதந்தையார் மகனுக்கு மயிர் ஊறவில்லை. விளிம்பு ஒரு மாதத் தாடியைக் கண்டிருந்தது. எமக்கும் மயிர் ஊறவில்லை. விளிம்பு இரண்டு தாடிகளைக் கண்டிருந்தது. நீருக்கு ஒரு பங்கும் விளிம்புக்கு ஒரு பங்கும் என்று நெடுநாள் கணக்கிட்டிருந்தோம். பின்னர் அண்ணரிடம் பேசும்போது மூன்றாவது காரணம் வெளிப்பட்டது. நாவிதர் எமது தாடையின்கீழ் விரல் வைத்துத் தோலை இழுத்தபோதெல்லாம் நாம் முகத்தைப் பின்வாங்கினோமாம். அந்நியர் கை கழுத்திற் படுவதை நாம் விரும்பவில்லை. அக்காலத்து வீட்டுப்பழக்கம் அது. இன்று எழுதவே கூசுகிறது. அவர் கையை எடுத்துவிட்டு, இழுத்துப் பிடிக்காத தோலிலேயே மழித்திருக்கிறார். அரைவாசி எரிவை நாமே தேடிக்கொண்டோம். பழியைக் கத்தியின்மேற் போட்டோம். அவர் வேறொன்றும் சொல்லாமல் நீரைமட்டும் குறிப்பிட்டது அவருடைய பெருந்தன்மை.

ஒரு கத்தியை மூவர் முகத்தில் வைத்ததை இன்று எவரும் ஏற்கார். ஈரலழற்சி ‘பி’ வைரசு உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிர்ப்புடன் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளியே அதற்குப் போதும். படிக்காரம் அதனைக் கொல்லாது. கிண்ணி நீரிற் கழுவுவதும் போதாது. ஆதலால் இக்காலச் சலூன்களில் பிளேட்டை இரண்டாக ஒடித்துப் பிடியிற் செருகி, ஒருவருக்கு ஒன்றாகப் பயன்படுத்துகின்றனர். புதிய தாளைக் கண்முன்னே பிரிக்கும்படி கேட்பதில் வெட்கம் வேண்டாம். அவ்வலகின் தடிப்பு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கே. விளிம்பின்மேல் தெஃப்லன் பூச்சு இருப்பதால் மயிருக்குள் இலகுவாக நுழையும். கல்லும் தோல்வாரும் அங்கே வேண்டியதில்லை. ஆனால் நீரும், நேரமும், இழுத்துப் பிடிக்கும் இடக்கையும் அங்கேயும் வேண்டும். புதிய அலகு வைத்தும் முகம் எரிகிறது என்போர் இவற்றுள் எதனை விட்டார் என்று பார்ப்பாராக.

தந்தையாரின் கத்தி இன்னும் எம்மிடமே இருக்கிறது. எம்மையன்றி வேறொருவர் முகத்தை அது தொடுவதில்லை. துறைமுகக் காற்றிலே உப்பு உண்டு. அரை மைக்ரோன் விளிம்புக்கு ஓர் இரவுத் துரு போதுமானது. எனவே மழித்தவுடன் நன்னீரிற் கழுவி, துணியால் முதுகுப்புறமிருந்து விளிம்புப்புறமாகத் துடைத்து, தோல்வாரில் சிலமுறை இழுத்து, தையலெந்திர எண்ணெய் ஒரு துளி தடவிவைக்கிறோம். ஒரு மாரிகாலத்தில் இரண்டு கிழமை அயர்ந்திருந்து எடுத்தபோது விளிம்போரத்திற் கரும்புள்ளிகள் கண்டோம். அவற்றைத் தீட்டி எடுக்க மூன்று மாலைப்பொழுதுகள் சென்றன.

அண்ணருக்கு இப்போது எண்பது கடந்துவிட்டது. இக்கட்டுரையை வாசித்துக் காட்டியபோது, அம்மான் அன்று ஏசியது நியாயமே என்றும், தாம் முழுகியது களைப்பினாலேயன்றி விஞ்ஞானத்தாலன்று என்றும் திருத்தம் கூறினார். புதிதாய் ஒரு கத்தி வாங்கி, வெந்நீர்த் துணியும் நல்ல நுரையும் வைத்து அவருக்கு ஒருமுறை மழித்துவிட நாம் பலதடவை கேட்டுவிட்டோம். அவர் இன்றுவரை இசைந்திலர்.